அலுவலகம் தொலைத்த அசல் ஆவணங்கள்: "நீங்கள் கொடுக்கவே இல்லை" என்று சொன்னால் என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேறொரு நாட்டில் வசிக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றையும் அசலாகவே தபாலில் அனுப்பினார். நான்கு மாதம் கழித்து வந்த உறையில் திருமணச் சான்றிதழ் மட்டும் இருந்தது. கூடவே, முன்பின் அறியாத ஒருவரின் பிறப்புச் சான்றிதழ். தொலைபேசியில் கேட்டால் "பாஸ்போர்ட் வந்ததாக எங்கள் பதிவில் இல்லை" என்கிறார்கள். அடுத்த மாதம் பயணம் இருக்கிறது. புகார் கொடுத்தால் விண்ணப்பத்தில் கை வைத்துவிடுவார்களோ என்று பயம். எந்த நாடு என்று அவர் எழுதவில்லை. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதிக்கு அது தேவையும் இல்லை.

சகோதரி, நீங்கள் அதிகம் பயப்படுவது பாஸ்போர்ட்டைப் பற்றி. நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த அந்நியரின் பிறப்புச் சான்றிதழை. உறை மாறும்போது பெரும்பாலும் இருவருக்கு மாறும். ஒரே மேசையில், ஒரே நாளில், அடுத்தடுத்த இரண்டு கோப்புகளைப் பிரித்து உறையில் போடும்போதுதான் இது நடக்கிறது. உங்களிடம் அவருடையது இருக்கிறது என்றால், உங்களுடையது அவரிடம் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதோடு, உங்கள் உறையை அவர்கள் சரியாகக் கையாளவில்லை என்பதற்கு அவர்களே அனுப்பிவைத்த சாட்சி அது. "நீங்கள் கொடுக்கவே இல்லை" என்பவரிடம், "அப்படியானால் இது என் உறைக்குள் எப்படி வந்தது?" என்று கேட்க முடிகிற நிலையில் இருக்கிறீர்கள். இந்த இடத்தில் பெரும்பாலானோர் கையில் எதுவுமே இருப்பதில்லை.

அதைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடாதீர்கள். "இவரைத் தெரியுமா" என்று நல்லெண்ணத்தோடு போடுபவர்கள் உண்டு. அந்த மனிதர் புகலிடம் கேட்டவராக இருக்கலாம், விவாகரத்தில் இருக்கலாம், யாரிடமிருந்தோ ஒளிந்து வாழ்பவராக இருக்கலாம். அலுவலகம் செய்த தவறை நீங்கள் இரண்டாம் முறை செய்ததாகிவிடும். அவரைத் தேடிப் போகவும் வேண்டாம். உறை, அதன் மேலுள்ள தபால் முத்திரை, கூட வந்த கடிதம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சான்றிதழை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். கூட ஒரு கடிதம்: இது என் கோப்பு எண்ணுக்கு வந்த உறையில் இன்ன தேதியில் வந்தது; என்னுடைய பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் வரவில்லை; அதே நாளில் இவருக்கு அனுப்பிய உறையைச் சரிபார்க்கவும். அதே கடிதத்தின் நகலை அந்த அலுவலகத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் அனுப்புங்கள். அப்படியொருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசு அமைப்புகள் அப்படியொருவரை நியமித்தே ஆக வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் கடிதம் இன்னொரு தலைவலி. தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கோ அது கெடு ஓடத் தொடங்கிவிட்ட விவகாரம். தனிநபர் தகவல் கசிந்து, அதனால் சம்பந்தப்பட்டவருக்கு ஆபத்து வரலாம் என்றால், அறிந்த 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. பிரிட்டனிலும் அதே கெடுதான்.

சரி, பாஸ்போர்ட்டுக்கு வருவோம்.

மற்றவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தும், கவுண்டரில் மொழிபெயர்த்தும் பல வருடம் போயிருக்கிறது எனக்கு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "தொலைந்தது" என்று சொல்லப்படும் ஆவணங்களில் நல்ல பங்கு தொலையவே இல்லை. வேறு பெயரில் படுத்துக்கிடக்கிறது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, ஒவ்வொன்றும் 44 எழுத்து. அதில் பெயருக்கு ஒதுக்கியது 39. குடும்பப் பெயர் முதலில், இடையில் குறிகள், பிறகு சொந்தப் பெயர். குடும்பப் பெயரே இல்லாதவர்களுக்கு இங்கேதான் சிக்கல். நமக்கு அப்பா பெயர், இந்தோனேசியர் பலருக்கு ஒற்றைப் பெயர், பர்மியருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. சொந்தப் பெயர் காலியாக இருந்தால் "முதல் பெயர் தெரியவில்லை" என்று பொருள்படும் மூன்றெழுத்தை (FNU) அமெரிக்க விசாவில் அச்சிட்டுவிடுவார்கள். சிலர் வருடக்கணக்கில் அந்தப் பெயரோடே வாழ்கிறார்கள். எனக்கே ஒரு அலுவலகத்தில் இரண்டு கோப்பு இருந்தது. ஒன்று என் பெயரில், இன்னொன்று என் அப்பா பெயரில். அப்பா அந்த நாட்டில் கால் வைத்ததே இல்லை. காணாமல்போனதாகச் சொல்லப்பட்ட என் பட்டச் சான்றிதழ் ஏழு மாதம் அவர் கோப்பில் இருந்தது.

அதனால் தேடச் சொல்லும்போது "என் பாஸ்போர்ட்டைத் தேடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். உங்கள் பெயர் எப்படியெல்லாம் மாறி எழுதப்படலாமோ அத்தனையையும் எழுதிக் கொடுங்கள்: முன்பின் மாற்றி, அப்பா பெயர் குடும்பப் பெயராக, கணவர் பெயரோடு, எழுத்துக்கூட்டல் மாற்றங்களோடு. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம் என்றும் குறிப்பிடுங்கள். பழைய விண்ணப்பங்களின் கோப்பு எண்கள், கணவரின் கோப்பு எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இது சில்லறை விஷயமாகத் தோன்றும். நான் பார்த்தவரை, கத்திச் சண்டை போட்டதைவிட இந்தப் பட்டியல்தான் அதிகம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

உண்மையிலேயே தொலைப்பதும் உண்டு, அழிப்பதும் உண்டு. "அரசாங்கம் அப்படியெல்லாம் செய்யுமா?" என்று கேட்பவர்களுக்காக இரண்டு சம்பவங்கள்.

முதலாவது கலிபோர்னியாவின் லகூனா நிகேல். 2002இல் அங்கிருந்த அமெரிக்கக் குடிவரவு மையத்தில் தபால்களைப் பிரித்துக் கோப்பில் சேர்க்கும் வேலை ஓர் ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்தது. சேர்க்கப்படாத காகிதம் சுமார் 90,000 குவிந்துவிட்டது. மேற்பார்வையாளர்கள் கண்ட தீர்வு அவற்றைத் துண்டாக்கும் இயந்திரத்தில் போடுவது. பாஸ்போர்ட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், புகலிட விண்ணப்பங்கள் எல்லாம் போயின என்கிறது அவர்கள் மீதான குற்றப்பத்திரிகை. தேக்கம் பூஜ்ஜியமானது. அதைப் பூஜ்ஜியத்திலேயே வைத்திருக்க மேலும் கொஞ்ச நாள் துண்டாக்கினார்கள் என்பதுதான் எனக்கு மறக்க முடியாத பகுதி. வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் காகிதங்களை அனுப்பியவர்கள் அதுவரை என்ன பதில் கேட்டிருப்பார்கள்? "ஆவணம் எங்களுக்கு வந்துசேரவில்லை, மீண்டும் அனுப்பவும்." இதைவிட வேறு எதைச் சொல்லியிருப்பார்கள்?

இரண்டாவது பிரிட்டன். இதில் திருட்டுத்தனம் கிடையாது, அதனால்தான் எனக்கு இது இன்னும் கசக்கிறது. 1948இல் தொடங்கிக் கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தவர்கள் இறங்கும்போது நிரப்பிய வரவு அட்டைகள் தெற்கு லண்டனின் குரோய்டனில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிடந்தன. அலுவலகம் இடம் மாறியபோது, 2010இல், குடிவரவைக் கவனிக்கும் உள்துறை அவற்றை அழித்துவிட்டது. தனிநபர் தகவலை அவசியமில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம்! ஒருவர் எந்த ஆண்டு வந்தார் என்று கேட்டு யாராவது கடிதம் எழுதினால் ஊழியர்கள் போய்ப் புரட்டிப் பார்த்தது அந்த அட்டைகளைத்தான். 1973க்கு முன் வந்து குடியேறிய காமன்வெல்த் நாட்டவர்களுக்கு அங்கே தொடர்ந்து வாழும் உரிமை சட்டப்படி உண்டு. பிறகு சட்டம் இறுகியது. வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆதாரம் கொண்டுவா என்றது அதே உள்துறை. அரை நூற்றாண்டு வரி கட்டியவர்கள் வேலை இழந்தார்கள், வைத்தியம் மறுக்கப்பட்டார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். அட்டைகள் மட்டுமே ஆதாரமல்ல, வேறு பதிவுகளும் இருந்தன என்று அரசு தரப்பில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தன் கையிலிருந்த ஆதாரத்தை அழித்தவர், அழித்ததால் வரும் சுமையை எதிரில் நிற்பவர் தலையில் ஏற்றினார் என்பது மாறவில்லை. அடுத்த ஆண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தை அறிவிக்கும் மின்னஞ்சலை அனுப்பும்போது சுமார் 500 பேரின் முகவரிகள் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பிவிட்டு, அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டார்கள்.

உங்கள் விஷயத்தின் கருவும் இதுதான், சகோதரி. அந்த நாட்டுக் குடிமகனின் பிறப்புச் சான்றிதழை அலுவலகம் தொலைத்தால் இன்னொரு அலுவலகத்தில் பிரதி கிடைக்கும். நடுவில் அவருடைய குடியுரிமையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். வெளிநாட்டவர் விஷயத்தில் தொலைந்த காகிதமும் அவர் அங்கே இருப்பதற்கான உரிமையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. தொலைத்தவரே தீர்ப்புச் சொல்பவராகவும் இருக்கிறார். போதாதற்கு "ஆவணம் முழுமையாக இல்லை" என்பதற்காகவே விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். தொலைத்தவருக்கு மறுநாளும் வேலை இருக்கும். வாக்குரிமை இல்லாதவர்களின் கோப்பு என்பதால் அவர்களுக்காகச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பவும் ஆளில்லை. ஊழியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கோப்பு மலைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் பாவப்பட்ட மனிதர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். 2006இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பரபரப்பான 14 குடிவரவு அலுவலகங்களில் 1,11,000 கோப்புகள் இருக்குமிடம் தெரியவில்லை என்றது. அந்த எண்ணிக்கை வருவதற்கு யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. கோப்பை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும்போது பதிவு செய்யாமல் விட்டாலே போதும்.

கணினிமயமானால் சரியாகும் என்ற நம்பிக்கை எனக்குப் பாதிதான். கணினியில் தொலைவது குறையும், கசிவது கூடும். 2014இல் ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை ஒரு புள்ளிவிவர அறிக்கையை இணையத்தில் ஏற்றியது. வரைபடத்துக்குப் பின்னால் எக்செல் தரவு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. குடிவரவுத் தடுப்புக்காவலில் இருந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர், பிறந்த தேதி, நாடு எல்லாம் அதில். யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களும் பார்த்திருக்கலாம். 2022 நவம்பரில் அமெரிக்காவில் 6,252 பேரின் விவரம் இதேபோல ஐந்து மணி நேரம் இணையத்தில் இருந்தது. அவர்களும் புகலிடம் கேட்டுத் தடுப்பில் இருந்தவர்கள். இதையெல்லாம் மிஞ்சியது, அதே ஆஸ்திரேலியத் துறை 2014 ஜி20 மாநாட்டுக்கு வந்த 31 தலைவர்களின் பாஸ்போர்ட் எண்களைத் தவறான ஆளுக்கு அனுப்பியது. முகவரிக் கட்டத்தில் மென்பொருள் தானாக நிரப்பிய பெயரை ஊழியர் பார்க்கவில்லை. கால்பந்துப் போட்டி அமைப்பாளர் ஒருவருக்குப் போய்விட்டது. தலைவர்களுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்று உள்ளுக்குள் முடிவு செய்தார்கள். ஒபாமாவுக்கே சொல்லவில்லை என்றால், உங்களுக்கும் எனக்கும் தானாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது பாஸ்போர்ட் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை. இதில் வரிசை முக்கியம்.

உடனே ஓடிப்போய்ப் பாஸ்போர்ட் தொலைந்ததாக அறிவித்துவிடாதீர்கள். அறிவித்ததும் உங்கள் நாடு அதை ரத்து செய்யும், இன்டர்போலின் தொலைந்த பயண ஆவணப் பட்டியலுக்கும் அனுப்பலாம். அதன்பின் அலுவலகம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் அது செத்த புத்தகம். அதைக் காட்டிப் பயணம் போய் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதலில் அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு கெடு கொடுங்கள். பத்து வேலை நாள் போதும். கடிதத்தில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "என் பாஸ்போர்ட் உங்கள் பொறுப்பில் இருக்கிறதா, இல்லையா? எழுத்தில் தெரிவிக்கவும்." இருக்கிறது என்றால் தேடித் தர வேண்டும். இல்லை என்று எழுதினால் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் மற்ற கதவுகளைத் தட்டப்போகிறீர்கள். தொலைபேசியில் சொல்வது கணக்கில் சேராது. அவர்கள் அழைத்தால் பேசுங்கள். பேசி முடித்ததும் "இன்று நீங்கள் சொன்னதாக நான் புரிந்துகொண்டது" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். யார் பேசினார், எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

கெடு தாண்டியதும் தூதரகம். பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தைப் படித்தவர்கள் குறைவு; பெரும்பாலான நாடுகளின் பாஸ்போர்ட்டில் "இது அரசாங்கத்தின் சொத்து" என்றுதான் அச்சிட்டிருக்கும். நீங்கள் வெறும் வைத்திருப்பவர். அப்படியானால் ஓர் அரசின் சொத்தை இன்னோர் அரசு தொலைத்திருக்கிறது. தூதரகத்தில் "தொலைத்துவிட்டேன்" என்று நிரப்பாதீர்கள். "இன்ன அலுவலகத்தில் இன்ன தேதியில் ஒப்படைத்தது, திரும்பவில்லை" என்று நிரப்புங்கள். பல நாடுகளில் கவனக்குறைவாகத் தொலைத்தவருக்கு அபராதமோ கூடுதல் விசாரணையோ உண்டு. அடுத்தவர் தவறுக்கு நீங்கள் அதைச் சுமக்க வேண்டாம். காவல்துறையில் எழுதிக் கொடுக்கும்போதும் இதே வாசகம்.

இதை வாசிக்கும் அகதிகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நீங்கள் எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தீர்களோ அதன் தூதரகத்துக்குப் போகாதீர்கள். போனதையே காரணம் காட்டிப் பாதுகாப்பை ரத்து செய்யும் அபாயம் உண்டு. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, சொந்த நாட்டு அதிகாரியிடம் வாங்க வேண்டிய சான்றுகளுக்குப் பதிலாகப் புகலிட நாடே ஆவணம் கொடுக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. 28ஆம் பிரிவு பயண ஆவணம் பற்றியது. கடிதத்தில் இந்த எண்களைக் குறிப்பிடுங்கள்.

அடுத்து, உங்கள் கோப்பின் நகலைக் கேளுங்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். குடிமகனா என்ற கேள்வியே இல்லை. பிரிட்டன் 2018இல் குடிவரவு விஷயங்களுக்கு இதிலிருந்து விலக்கு வைத்துப் பார்த்தது. அந்த விலக்கு எழுதப்பட்ட விதம் செல்லாது என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது; பிறகு அதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் ஒரு விசித்திரம்: 1974இன் தனியுரிமைச் சட்டம் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் மட்டும்தான். தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாக அதில் வரமாட்டார். ஆனால் தகவல் பெறும் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், குடிவரவுக் கோப்புகளை அங்கே அதன் வழியாகத்தான் எடுக்கிறார்கள். கேட்கும்போது "எல்லாம் கொடுங்கள்" என்பதோடு நிற்காமல் மூன்றைத் தனியாகச் சொல்லுங்கள்: தபால் வரவுப் பதிவு, ஸ்கேன் செய்த பக்கங்கள், கோப்பு யார் மேசையிலிருந்து யார் மேசைக்குப் போனது என்ற நகர்வுப் பதிவு. "எங்களுக்கு வரவே இல்லை" என்று அடித்துச் சொன்ன பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும் அவர்களுடைய ஸ்கேனிலேயே அழகாக வந்து நிற்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களா? இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் புகாரைப் பார்ப்பவரும் விண்ணப்பத்தை முடிவு செய்பவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். எழுத்தில் புகார் இருக்கும் கோப்பில் "ஆவணம் இல்லை" என்று நிராகரிக்க எந்த அதிகாரியும் ஒரு முறை யோசிப்பார். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: புகார் கொடுத்துவிட்டோம் என்ற தெம்பில் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடுவது. புகாருக்குப் பதில் வரும்வரை கெடு நிற்காது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

செலவை விடாதீர்கள். புதுப் பாஸ்போர்ட் கட்டணம், சான்றிதழ் பிரதி, மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு இடும் உறுதிமுத்திரை), தூதரகத்துக்குப் போய்வந்த செலவு, இழந்த சம்பளம் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்து ஒரே கடிதத்தில் கேளுங்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை; கேட்காத யாருக்கும் கிடைத்ததில்லை. ஆஸ்திரேலியக் கசிவில்கூட, தாங்கள் பட்ட பாதிப்பை எழுதிக் கொடுத்த 1,297 பேருக்குத்தான் இழப்பீடு என்று 2021இல் உத்தரவானது. மற்ற கிட்டத்தட்ட எட்டாயிரம் பேருக்கு எதுவும் இல்லை.

இனி வரும் காலத்துக்கு ஒரு சொல். அசல் கேட்டால், நேரில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடியும், அவர்களாகச் சொல்வதில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு ஆவணத்தின் பெயரும் எண்ணும் எழுதிய பட்டியலை இரண்டு பிரதி எடுத்துச் சென்று ஒன்றில் முத்திரை வாங்குங்கள். தபாலில் போகிறது என்றால் அந்தப் பட்டியலையும் ஆவணங்களையும் உறையையும் ஒரே மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "விண்ணப்பம் பெறப்பட்டது" என்ற பொதுவான ரசீது உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. இந்த முறை உங்களிடம் அந்த ரசீது மட்டும்தான் இருக்கிறது என்று தெரிகிறது. பரவாயில்லை, பதிவுத் தபாலாக இருந்தால் உறையின் எடை தபால் ரசீதில் இருக்கலாம். திருமணச் சான்றிதழ் ஒற்றைத் தாள், பாஸ்போர்ட் ஒரு புத்தகம். எடையே பேசும்.

அடுத்த மாதப் பயணத்தை ஒத்திவையுங்கள். தூதரகம் அவசரப் பயணப் பத்திரம் கொடுத்தாலும் அது பெரும்பாலும் உங்களை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது எல்லையில் காட்ட வதிவிட அனுமதி வேண்டும். உங்களுடையது புதுப்பிப்பில் இருக்கிறது, பழைய அனுமதி ஸ்டிக்கர் தொலைந்த பாஸ்போர்ட்டில் இருக்கிறது. போயே தீர வேண்டிய மரணமோ நோயோ என்றால், "விண்ணப்பம் நிலுவையில் உள்ளது, இவர் மீண்டும் நுழையலாம்" என்ற கடிதத்தைக் குடிவரவு அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கி, விமான நிறுவனத்திடமும் முன்பே காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே டிக்கெட்டைத் தொடுங்கள். "போய்ட்டு வாங்க, பிரச்சினை இருக்காது" என்று கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னால் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துவையுங்கள்.